அந்த ‘யாராவது’ யார்? தொடக்கக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கும் தொடக்கக் கல்வி இயக்ககத்துக்கும்,

வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் சின்ன மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். 43 பிள்ளைகள், ஒரு தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியை. காலை உணவு சமைக்க எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு தங்கச்சி வருகிறாள், மதியத்துக்குச் சத்துணவு அக்கா இருக்கிறார். ஐந்து வகுப்பும் இரண்டு அறைக்குள் நடக்கிறது.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றிய இந்த மடலை எழுத வைத்தது என் மகனோடு படிக்கிற ஒரு பையன். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். போன வருடம் ஆடி மாதம், மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவன் அப்பா சாலை விபத்தில் இறந்துவிட்டார். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தவன் பேசவில்லை. முன்பு வகுப்பில் வாயை மூடச் சொல்லி ஆசிரியை அலுத்துப்போகிற அளவுக்குப் பேசுகிற பிள்ளை அவன். தினம் பத்து மணிக்கு வயிறு வலிக்கிறது என்று கையால் காட்டுவான். இரண்டு தடவை உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது, பிள்ளைகள் சிரித்தார்கள், அதற்குப் பிறகு காலையில் அவனைக் கிளப்புவதே அவன் அம்மாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அவர் என்ன செய்வார்? மாரியம்மன் கோயிலில் திருநீறு போட்டார். நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினார். அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு ஆள் இருந்த இடங்கள் அவைதான். வயிற்றுவலிக்கு ஒரு மருத்துவமனையில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு யாரோ சொல்லி, மனநலப் பிரிவு இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போனார், அன்று மருத்துவர் முகாமுக்குப் போயிருந்தார், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நூறு நாள் வேலையில் இரண்டு நாள் கூலி போனது. அடுத்த வாரம் பார்த்த மருத்துவர் நல்லவர்தான், பையன் தலையைத் தடவிக்கொண்டே விசாரித்தார், ஆனால் வெளியே வரிசை வாசல் வரை நின்றது. கடைசியில் அவர் சொன்னது இது: “மாத்திரை எதுவும் வேண்டாம்மா. பள்ளிக்கூடத்தில் யாராவது தினமும் கொஞ்ச நேரம் அவனோடு இருக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள்.”

யாராவது. அந்த வார்த்தையை அவன் அம்மா என்னிடம் வந்து அப்படியே சொன்னார். மேலாண்மைக் குழுவில் நாங்கள் இதைப் பேசியபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பள்ளியில் அந்த யாராவது யார் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு இந்த மடலை எழுதுவது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஆசிரியர் என்று நீங்கள் உடனே சொல்லலாம். எங்கள் ஆசிரியையைப் பற்றி ஒரு குறையும் எனக்கு இல்லை, அவர் தன் பையில் அந்தப் பையனுக்கு மாற்று டவுசர் ஒன்று வைத்திருந்தார் என்பது பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தாலோ, பயிற்சிக்குப் போனாலோ, ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். எண்ணும் எழுத்தும் பாடம், அதற்கான மதிப்பீடு, எமிஸ் என்கிற துறையின் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, இதற்கு நடுவே ஒரு பிள்ளையோடு கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திரு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அது இன்னொரு பதிவேடாகத்தான் முடியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

வெளியே இருக்கிற ஏற்பாடுகளையும் நாங்கள் பார்த்தோம். எங்கள் பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கிறது, கல்வித் துறையின் உதவி எண் 14417 எழுதியிருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416ஐ நானே பெரியவர்கள் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன், நல்ல சேவை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை போன் போட்டு எனக்கு மனசு சரியில்லை என்று சொல்லாது. அதற்கு அந்த வார்த்தையே தெரியாது. அது வயிற்றுவலியாக வரும், படுக்கையை நனைப்பதாக வரும், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பதாக வரும், இல்லாவிட்டால் யாருக்கும் தொந்தரவே கொடுக்காமல் சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பதாக வரும். கடைசி வகைப் பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், எனக்கு அதுதான் பெரிய கவலை. பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடம் ஒரு தடவை வருகிறது, பல், கண், தோல், ரத்தசோகை எல்லாம் பார்க்கிறார்கள், அதற்கு நன்றி. ஒரு நாள் வந்துபோகிறவர்களுக்கு இந்தப் பிள்ளை முன்பு எப்படிப் பேசும் என்று எப்படித் தெரியும்?

இந்த வயதுப் பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை. 2015-16இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு பெரியவர்களைப் பார்த்தது, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தது, அந்த வளரிளம் பருவத்தினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. 13க்குக் கீழே? அந்த ஆய்வு அங்கே போகவில்லை. திட்டங்களும் பெரும்பாலும் அப்படியே, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் தொடங்கிக் கீழே வர வர மெலிந்துகொண்டே வருகின்றன. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதில் உடைகிற பிள்ளை ஏழு வயதில் எங்களிடம்தானே இருந்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் வெளியே உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது, அப்புறம் எங்கள் பள்ளியின் 43 ஞாபகம் வந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் நூறைத் தாண்டுகிற தொடக்கப் பள்ளி ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. ஆக, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் எல்லாம் அந்த இரண்டாவது வரிக்குள் போய் விழுகின்றன. ‘முறையான தொடர்பு’ என்பதை ஒரு சுற்றறிக்கை, ஒரு தொலைபேசி எண், ஒரு கையொப்பம் என்று முடித்துவிடவும் முடியும், உயிருள்ள ஏற்பாடாகச் செய்யவும் முடியும். எது என்று முடிவு செய்யப்போவது நீங்கள்தான், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

சரி, பையனுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். காலை உணவு சமைக்கிற தங்கச்சி ஒரு நாள் என்னிடம் வந்தாள். “அக்கா, அவன் தினம் தட்டை வாங்கிக்கிட்டு சுவரைப் பார்த்து உட்கார்றான். பாதியைத்தான் சாப்பிடுறான். கிச்சடி அவனுக்கு உசுரு, அதையே வச்சிட்டுப் போறான்” என்றாள். 43 பிள்ளைகளில் யாருக்கு எது பிடிக்கும், யார் வீட்டில் ராத்திரி சண்டை, யார் தூங்காமல் வந்திருக்கிறது என்பது எட்டரை மணிக்குள் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவள் எல்லா முகத்தையும் பார்த்துவிடுகிறாள். பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். பையனைக் கூப்பிட்டு, “எனக்குத் தட்டு எண்ணிக் குடுடா, நான் தப்புத் தப்பா எண்ணுறேன்” என்று வேலை கொடுத்தாள். அவன் வாயே திறக்காமல் தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைப்பான். அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். இப்படியே புரட்டாசி போனது, ஐப்பசி போனது. கார்த்திகையில் ஒரு நாள், மழைக்குப் பிள்ளைகள் நிறையப் பேர் வரவில்லை, இவன் தட்டுகளை அடுக்கிவிட்டு “இருபத்தெட்டு” என்றான். அவள் கரண்டியோடு என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

அன்று அவள் சொன்ன இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். “இனிமே அவன் அப்பாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் என்னக்கா சொல்றது? நான் ஏதாவது தப்பாப் பேசி இன்னும் மோசமாயிடுமோன்னு பயமா இருக்கு.” அவளுக்கு அன்பு இருந்தது, கண் இருந்தது. என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எப்போது தன்னால் முடியாது என்று கை தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண் இல்லை. அந்த மருத்துவருக்கோ பள்ளியில் ‘யாராவது’ யாரென்று தெரியாது. இரண்டு முனையும் இருக்கிறது, நடுவில் கயிறு இல்லை.

எங்கள் மாவட்டம் இதை ஒரு தடவை செய்து பார்த்த மாவட்டம். 2004 சுனாமி இங்கே 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மருத்துவர் என்று நினைக்கவில்லை, நினைத்தாலும் நடக்காது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். என் நாத்தனார் அப்போது அப்படி ஒரு பயிற்சிக்குப் போனார். முகாமில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து விளையாட்டுக் காட்டுவார்கள், படம் வரையச் சொல்வார்கள், கதை சொல்லச் சொல்வார்கள். நிறைய நாள் எல்லாப் பிள்ளைகளும் கறுப்பு அலையைத்தான் வரைந்தார்கள், பல வாரம் கழித்து ஒரு பெண் குழந்தை ஆட்டுக்குட்டி வரைந்தாள் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்வார். நிவாரணத் திட்டங்கள் முடிந்ததும் அதுவும் நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டபோது, காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே என் மூத்த மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள், ஆறு மாதம். அப்போது பள்ளியில் அப்படி ஒருவரும் இல்லை. சுனாமியில் கற்றுக்கொண்ட நாத்தனார் வீட்டில் இருந்ததால் அவள் தப்பித்தாள். எத்தனை வீட்டில் அப்படி நாத்தனார் இருப்பார்?

வெளி மாநிலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கட்டாயம் கேட்பீர்கள். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளின் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும், சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி பெற்ற, பட்டம் பெற்ற வல்லுநராக இல்லாத சாதாரண ஆலோசகர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. அந்தச் சாதாரண ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மாறியது, பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பதும் குறைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. டார்ஜிலிங் மலைப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுவித்துச் செய்து பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் ஆசிரியையின் ஒரு நாளை எட்டரையிலிருந்து நாலரை வரை பார்த்தவள் என்கிற முறையில், இந்த வேலைக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆசிரியருக்கும் அடிப்படைப் பயிற்சி வேண்டும், கவனித்துச் சொல்வதற்கு. தாங்குவதற்கு இன்னொருவர்.

அந்த ஆளை எங்கள் ஊரிலேயே எடுங்கள். காலை உணவுத் திட்டத்தில் நீங்கள் செய்து காட்டிய வழி அதுதானே. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து 31,008 பள்ளிகளுக்கு விரிந்த திட்டத்தில் அடுப்பு மூட்டுவது அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்விக்கு ஆள் கேட்டபோது ஊர் ஊராகப் படித்த பெண்கள் முன்வந்தார்கள், லட்சக்கணக்கில். அப்போது கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள். இது மனசைக் கொடுத்துச் செய்கிற வேலை, அதனால் சேவை என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால், ஆறு மாதத்தில் நல்ல பெண் துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள், பிள்ளை நம்பிய ஆள் மறுபடியும் காணாமல் போவார். அப்பாவை இழந்த பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்குப் பெரிய பெயர் எதுவும் வேண்டாம். கவுன்சிலர் என்றால் எங்கள் ஊரில் வார்டு கவுன்சிலரைத்தான் நினைப்பார்கள், மனநலம் என்று போர்டு வைத்தால் மெண்டல் என்று ஒரே நாளில் பிள்ளைகள் பெயர் வைத்துவிடும், அந்த அறைக்கு யாரும் போகாது. பள்ளி அக்கா என்றால் போதும். காலை உணவு நேரத்தில் இருக்கட்டும், இடைவேளையில் மரத்தடியில் இருக்கட்டும், சாயங்காலம் நாலு வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரட்டும். அவருக்கு மேலே, பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த குறுவள மையத்துக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் வேண்டும். அவர் வாரம் ஒரு நாளாவது ஒவ்வொரு பள்ளி அக்காவையும் சந்தித்து, என்ன பார்த்தாய், என்ன செய்தாய், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தச் சந்திப்பைச் செலவு மிச்சம் என்று மட்டும் வெட்டிவிடாதீர்கள். மற்றவர் பிள்ளையின் துக்கத்தைத் தினம் கேட்கிறவருக்கு இறக்கிவைக்க ஓர் இடம் இல்லாவிட்டால் அவரே படுத்துவிடுவார். அந்த ஆலோசகருக்கும் மேலே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர். அவருடைய வெளிநோயாளிப் பிரிவில் பிள்ளைகளுக்கென்று நாள் குறித்து, பள்ளியிலிருந்து அனுப்பும் பிள்ளை மருத்துவரைப் பார்க்காமல் திரும்பி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இருக்கிற ஆபத்தும் எனக்குத் தெரியும். ஊர்க்காரர் என்றால் ஊர்க்கதை. டீக்கடைக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பம் தலை நிமிர முடியாது. அதனால் பயிற்சியின் முதல் நாளே வாயைக் காப்பது பற்றி இருக்க வேண்டும், மீறினால் வேலை போகும் என்று எழுதி வாங்க வேண்டும். கூடவே, பாலியல் சீண்டல் போன்றது காதுக்கு வந்தால் மறைக்கக் கூடாது, போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் அதே நாளில் சொல்லிக்கொடுங்கள். எது ரகசியம், எது ரகசியமாக இருக்கவே கூடாது என்கிற இந்த வித்தியாசத்தில்தான் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கலாம்.

சாதியைப் பற்றியும் பேசிவிடுகிறேன், பேசாமல் விட்டால் பொய்யாகிவிடும். 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடவில்லை, மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டி வந்தது. சாப்பாட்டுக்கே அப்படி என்றால் மனசைத் திறந்து பேசுவதற்கு? காலனிப் பிள்ளை ஊர்த்தெரு அக்காவிடம், உன் மகன்தான் என்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறான் என்று சொல்லுமா? அதனால் ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று கணக்குப் போடாமல், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சேர்த்து இரண்டு பேர், இரண்டு தெருவிலிருந்தும் என்று எடுங்கள். ஒருவராவது காலனியிலிருந்து வரட்டும். தேர்வு செய்வதை மேலாண்மைக் குழுவிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள், குழுவில் யார் சத்தம் எடுபடும் என்பது உள்ளே இருக்கிற எனக்குத் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். எமிஸில் பிள்ளையின் பெயருக்கு எதிரே எந்தக் குறியும் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட மாணவர் என்று ஒரு கட்டம், ஆம் இல்லை என்று ஒரு பொத்தான், அது வந்த நாளிலிருந்து எண்ணிக்கை காட்டச் சொல்லி மேலிருந்து கேட்பார்கள், குறைத்துக் காட்டச் சொல்லி இன்னொருவர் கேட்பார், பிள்ளையோ ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது அந்தக் குறியையும் சுமந்துகொண்டு போகும். எட்டு வயதில் அப்பாவுக்காக அழுதது ஒரு பிள்ளையின் பதிவேட்டில் ஏன் இருக்க வேண்டும்? பள்ளி அக்காவிடம் ஒரு நோட்டு இருக்கட்டும், அதை ஆலோசகர் மட்டும் பார்க்கட்டும்.

மாநிலம் முழுவதும் நாளைக்கே தொடங்கச் சொல்லவில்லை. காலை உணவும் முதலில் 1,545 பள்ளிகளில்தான் தொடங்கியது. ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டு நடத்திப் பாருங்கள், எங்கள் ஒன்றியம் தயாராக இருக்கிறது. பயிற்சிக்கு இடம், சாப்பாடு, ஆள் சேர்ப்பது எல்லாவற்றையும் நாங்கள் மேலாண்மைக் குழுவில் பேசி வைத்திருக்கிறோம், தலைமை ஆசிரியரும் சம்மதம் சொல்லிவிட்டார்.

அந்தத் தங்கச்சி இப்போதும் சமைக்க மட்டும்தான் சம்பளம் வாங்குகிறாள். பையன் பேசுகிறான், முன்பு மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறான். இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தலைமுடியைத் தானே பிய்த்துக்கொள்கிறது, உச்சியில் ரூபாய் அகலத்துக்குச் சொட்டையாகிவிட்டது. தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். தட்டு எண்ணச் சொன்னால் இதற்குச் சரிப்படுமா என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரைக் கேட்பது?

உங்களில் யாராவது நேரில் வந்து பார்ப்பதென்றால் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை வாருங்கள். கூட்டம் சாயங்காலம்தான், ஆனால் காலையில் எட்டரைக்கு முன்பே வந்துவிடுங்கள், பிள்ளைகள் சாப்பிட உட்கார்கிற நேரம் அது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்